துரைசாணிமார் இறங்கிய மாடிப்படி

1

என் மகள் தாரணிக்குக் கல்யாணமாகி இன்றோடு ஒரு வருடம். குண்டசாலையிலிருந்து என் தங்கை மாலதி விடிந்ததும் விடியாததுமாகக் குரல் செய்தி அனுப்பிவிட்டாள். கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே பேசியிருக்கிறாள் என்பது பின்னால் கேட்ட கொண்டக்டரின் கூச்சலில் தெரிந்தது. வாழ்த்துச் சொன்னாள், மழை விடுவதாக இல்லை என்றாள், கடைசியில் தன் பழைய வழக்கை எடுத்தாள்.

"அக்கா, எல்லார் படமும் வந்திருச்சு. மாப்பிள்ளையோட பெரியப்பா, சித்தப்பா, அவங்க வீட்டு நாய் படம்கூட வந்திருச்சு. பொண்ணப் பெத்தவ படம் மட்டும் ஒன்னையும் காணோம். ஒரு வருசமா கேக்குறேன். நீ இருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் அனுப்பு. இங்க கேக்குறவங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

படம் இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதை அனுப்ப எனக்கு ஒரு வருடமாகக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று மாலதியிடம் வாயால் சொல்லவும் தைரியம் இல்லை. அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கெல்லாம் சேர்த்து இதை எழுதுகிறேன். முகம் தெரியாதவர்களிடம் சொல்வது சிலசமயம் சுலபம்.

நான் கண்டிக்காரி. கட்டுக்கலையில் மாமா வீட்டில் வளர்ந்தவள். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவரைக் கட்டினேன். தாரணி முன்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் அவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. நான் பிள்ளையோடு கண்டிக்குத் திரும்பி, வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வந்து தங்கிய ஓர் அயர்லாந்துப் பெண் நான் கட்டில் விரிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் உன்னைப் போல ஆளைத்தான் தேடுகிறார்கள் என்றார். வெறும் பேச்சு என்று நினைத்தேன். கடிதம் வந்தது, அனுமதி வந்தது, நானும் தாரணியும் வந்தோம். இங்கேயும் ஏரிக்கரை, இங்கேயும் மழை, இங்கேயும் அதே வேலை. குளிர் மட்டும்தான் புதிது என்று முதல் வாரத்தில் மாலதிக்குச் சொன்னேன். எவ்வளவு அறியாத பேச்சு அது.

2

நான் வேலை செய்யும் ஹோட்டல் ஒரு காலத்தில் ஒரு பிரபு குடும்பத்தின் மாளிகை. அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் இன்னமும் அதைப் 'பெரிய வீடு' என்றுதான் சொல்கிறார்கள். முன்வாசலால் நுழைந்தால் நேரே அகலமான மாடிப்படி. ஏறிப்போகும் சுவரில் இரண்டு பெண்களின் பெரிய ஓவியங்கள். வாரா வாரம் அவற்றின் சட்டங்களைத் துடைப்பவள் நான் என்பதால், என் சொந்தக்காரர்கள் பலருடைய முகத்தைவிட அந்த இரண்டு முகங்களும் எனக்கு நன்றாகப் பழக்கம்.

தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் மனைவியைத் துரைசாணி என்பார்கள். என் மாமியார், துரைசாணி வருகிறாள் என்றால் பாதையை விட்டு இறங்கி நின்ற காலத்து ஆள். அவர் வாயில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஓவியத்தில் இருப்பவர்களை மனசுக்குள் பெரிய துரைசாணி, நடு துரைசாணி என்றுதான் கூப்பிடுவேன்.

பெரியவர் ஹேரியட். புருஷன் வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனார். கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணுக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உறவுக்காரர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்களாம். ஹேரியட் அவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு போட்டு, அதே வண்டியில் திருப்பி அனுப்பினாராம். ஓவியத்தில் கறுப்பு உடுப்பும் இடுப்பில் ஒரு சாவிக்கொத்துமாக நிற்கிறார். ஓவியக்காரர் நகைகளை வரைய ஆசைப்பட்டிருப்பார். இந்த அம்மா சாவியை வரையச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தவர் அவருடைய மருமகள் கான்ஸ்டன்ஸ். புருஷன் முதலாம் உலகப் போருக்குப் போனார், திரும்பவில்லை. பிறகு இந்த நாட்டில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடியவர்கள் இப்படிப்பட்ட மாளிகைகளைத் தேடித் தேடி எரித்த காலம் ஒன்று வந்தது. எரிக்க வந்தவர்கள் வாசலில் நின்றபோது கான்ஸ்டன்ஸ் ஒன்றே ஒன்று கேட்டாராம். மாமியாரின் ஓவியத்தை மட்டும் வெளியே எடுக்கிறேன், பிறகு கொளுத்துங்கள் என்று. ஓவியத்தை இறக்கி, புல்தரையில் ஒரு கதிரை போட்டு, அதை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து உட்கார்ந்தாராம். வந்தவர்களில் ஒருவன் அந்த வீட்டுச் சமையல்காரியின் மகன். தாய்க்காரி போய்த் துரைசாணியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவர்கள் கொளுத்தாமலே போய்விட்டார்கள். விருந்தினருக்குச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் வீடு நிற்கிறது. கூரை ஒழுகத் தொடங்கியபோது அதே கான்ஸ்டன்ஸ்தான் மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டு இதை ஹோட்டலாக்கினார். பிரபு வீட்டுப் பெண் சோற்றுக்கடை போட்டுவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் முகம் திருப்பிக்கொண்டார்களாம். அது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

மூன்றாமவர் ரோஸ்மேரி. நான் வந்தபோது உயிரோடு இருந்தார். எண்பதைத் தாண்டியவர், கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வாழ்ந்தார், தடியூன்றி வீடு முழுக்க நடப்பார். கான்ஸ்டன்ஸின் பேரனைக் கட்டி வந்தவர். புருஷன் கார் விபத்தில் போனபோது அவருக்குத் தலையில் ஒரு நரைகூட இல்லையாம். எல்லா அறைக்கும் குளியலறை கட்டியது, பெரிய கூடத்தைக் கல்யாணங்களுக்குத் திறந்துவிட்டது எல்லாம் இவர்தான். எதைக் கேட்டாலும் 'கிராண்ட்' என்பார். இங்கே எல்லோருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. சுகமா என்றாலும் கிராண்ட், சாப்பிட்டீர்களா என்றாலும் கிராண்ட். நமக்கு கிராண்ட் என்றால் கல்யாணச் சேலைதானே. ஆரம்பத்தில் என்னை ஏதோ பெரிதாகப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லித் தொலைத்தேன்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே கல்யாணம் செய்யும் பெண் மாடியிலிருந்து இறங்கும்போது, வீட்டுக்காரத் துரைசாணி அவளுக்கு முன்னால் ஒவ்வொரு படியாக இறங்கி வருவார். தாய் தகப்பன் இல்லாத ஒரு பணிப்பெண்ணுக்காகக் கான்ஸ்டன்ஸ் தொடங்கி வைத்ததாம். அதற்காகவே இங்கே கல்யாணம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் அதைப் பார்த்தேன். ரோஸ்மேரி நீலக் கோட்டும் முத்துமாலையுமாகத் தடியை ஊன்றி முன்னால் வருகிறார், பின்னால் வெள்ளை உடுப்பில் பெண் வருகிறாள், கீழே கூட்டம் கை தட்டுகிறது. தாலியறுத்த ஒரு பெண், மணப்பெண்ணுக்கு முன்னால் நடந்து வருகிறாள். சுவரில் பார்த்தால் இன்னும் இரண்டு பேர். அடுத்த நொடி, நானும் அங்கே நிற்கிறேனே என்ற நினைவு வந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் நான் பட்டுவிடக் கூடாது என்று பின் மாடிப்படிப் பக்கம் ஓடினேன்.

3

பின் மாடிப்படி வேலைக்காரர்களுக்கானது. ஒடுக்கமாக, வளைந்து வளைந்து சமையலறைப் பக்கம் இறங்கும். அதன் அடியில் லினன் ரூம் இருக்கிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் எல்லாம் அடுக்கிய தட்டுகள். அன்றைக்கு அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணமானாலும் பெண் இறங்கும் நேரத்தில் என் இடம் அதுதான். ஊரே விழா பார்க்கிறது, புவனா மட்டும் துவாய் மடிக்கிறாள் என்று முகாமையாளர் ஒரு கூட்டத்தில் என்னைப் பாராட்டிப் பேசினார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அம்மாவைப் பார்த்து வந்த பழக்கம். அப்பா போனபோது மாலதி கைப்பிள்ளை. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். மாமா நல்லவர், கண்டியில் துணிக்கடை வைத்திருந்தார், எங்களுக்குச் சாப்பாட்டுக்கோ படிப்புக்கோ குறை வைத்ததில்லை. ஆனால் வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் அம்மா காணாமல் போய்விடுவார். உள்ளே போ என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போனாலும் கல்யாணக் கூட்டம் தெரிந்தால் அம்மா அடுத்த பக்கத்தால் சுற்றித்தான் வருவார்.

என் கல்யாணம் கட்டுக்கலையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாமாவும் அத்தையும் மணையில் உட்கார்ந்து என்னைத் தாரை வார்த்தார்கள். அம்மா மண்டபத்துக்குப் பின்னால் சாமான் அறையில் இருந்தார். வாழையிலைக் கட்டும் மரக்கறியும் கழுவி அடுக்கிய தட்டுகளும் இருந்த அறை. மாலதி சின்னப் பிள்ளை, அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தாள். பிற்பாடு அவள்தான் சொன்னாள். கெட்டிமேளம் கேட்கப் போகிற நேரம் அம்மா தட்டு அடுக்கிய பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம். தன் பார்வைகூட வாசல் வழியாக என் மேல் விழுந்துவிடக் கூடாது என்று. அவள் கூப்பிட்டும் திரும்பவில்லையாம். அதற்குள் கைவிளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அத்தை மாலதியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கோ மாலையும் புகையும் சனமும்தான் ஞாபகம். அம்மா எங்கே என்று நான் தேடவில்லை. அப்போது யாருக்குமே அது தேடவேண்டிய விஷயமாகத் தெரியவில்லை.

அந்தக் கல்யாண அல்பத்தில் அம்மா இல்லை. அம்மா இறந்தபோது மரண அறிவித்தலுக்குப் போட வீட்டில் ஒரு நல்ல படம் கிடைக்காமல், அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினார்கள். நான் போகவில்லை. அனுமதி புதுப்பிக்க என் கடவுச்சீட்டு இங்கே ஓர் அலுவலகத்தில் கிடந்தது. திருப்பித் தாருங்கள், என் அம்மா செத்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னேன். உங்கள் கோப்பு வரிசையில் இருக்கிறது என்றார்கள். அன்றைக்கும் லினன் ரூமில்தான் அழுதேன்.

4

தாரணி இங்கேயே வளர்ந்தவள். ஆசிரியை வேலை. கூடப் படிப்பிக்கும் கீயன் என்ற ஐரிஷ் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அம்மா, நாங்க கல்யாணம் எடுக்கப் போறோம்" என்றாள். கடையில் சாமான் எடுக்கிற மாதிரி. அவளுடைய தமிழ் அப்படித்தான். சின்ன வயதில் திருத்துவேன், பிறகு பேசுவதே பெரிது என்று விட்டுவிட்டேன். பையன் நல்ல பையன். என் கையால் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிராண்ட் என்றான்.

கல்யாணத்தை இந்த வீட்டிலேயே வைப்பதென்று முடிவானது. ரோஸ்மேரி கேட்டுச் சந்தோஷப்பட்டு, கூடத்துக்கு வாடகை வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். தாரணி என் கூறைச் சேலையைத்தான் கட்டுவேன் என்றாள். சிவப்புப் பட்டு, பச்சைக் கரையில் மாங்காய். அவளுக்குத் தாலி செய்து அனுப்ப மாலதியிடம் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். நீயும் மச்சானும் வந்து தாய் தகப்பன் இடத்தில் நில்லுங்கள் என்று.

தாரணிக்கு இது தெரிந்தபோது வெடித்துவிட்டாள்.

"சித்தியா என்ன வளத்தாங்க? நீதானே வளத்த. நீ ஏன் நிக்க மாட்ட?"

"நான் நிக்கக் கூடாதும்மா."

"யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்பதுதானே உண்மை. உன் அப்பாவை இழந்தவள் நான், உனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது என்றேன். அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள். கோபம் கூடினால் அவளுக்குத் தமிழ் போதாமல் போய்விடும். நீ அதை உண்மையாகவே நம்புகிறாயா என்று கேட்டாள். நம்புகிறேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் பயம் இருந்தது. நம்பிக்கை போனாலும் பயம் போவதில்லை.

மாலதியின் விசாவுக்காக நாலு மாதம் ஓடினோம். கிராம சேவகரின் கடிதம், மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் முத்திரை, பிலிமத்தலாவையில் மச்சான் வைத்திருக்கும் கடையின் பதிவு, சிங்களத்தில் இருந்த சான்றிதழ்களுக்கு மொழிபெயர்ப்பு. ஒவ்வொன்றையும் மாலதி பஸ் ஏறி ஏறிச் சேர்த்தாள். கடைசியில் மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார் என்று நம்பக் காரணம் இல்லையாம்.

"திரும்பி வராம நான் அங்க என்னாக்கா செய்யப் போறேன்?" என்று மாலதி தொலைபேசியில் அழுதாள். "வெயிலுக்குப் போட்ட மொளகாய யாரு எடுக்கிறது? கடைய யாரு பாக்குறது? என்ன ஏன் இப்படி நெனச்சாங்க?"

மேன்முறையீடு செய்ய நேரம் இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

5

அன்று மத்தியானம் லினன் ரூமில் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். தடிச் சத்தம் கேட்டது. ரோஸ்மேரி வாசலில் நின்றார். தொண்ணூற்றைத் தாண்டிவிட்டார் அப்போது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"உன் தங்கைக்கு விசா இல்லை என்று கேள்விப்பட்டேன்" என்றார். "கவலைப்படாதே. தாரணிக்கு முன்னால் நான்தானே இறங்கப் போகிறேன். இந்த வீட்டில் என் கடைசிக் கல்யாணமாக அது இருக்கட்டும்."

எனக்கு ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துப் பேச வராது. சொல்ல வேண்டியதைத் தமிழில் என்றால் மெதுவாக, வேறெதிலோ தொடங்கிச் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் பட்டென்று வந்துவிட்டது.

"வேண்டாம், லேடி. உங்களுக்குப் புருஷன் இல்லை."

அவர் என்னையே பார்த்தார். "இல்லைதான். ரொம்பக் காலமாக இல்லை. அதற்கும் மாடிப்படிக்கும் என்ன?"

சொன்னேன். எங்கள் ஊரில் புருஷனை இழந்தவள் மணப்பெண்ணுக்கு எதிரே வரமாட்டாள், முன்னால் போகமாட்டாள், தாலியைத் தொடமாட்டாள் என்று. சொல்லச் சொல்ல எனக்கே கூசியது. நிறுத்தவும் முடியவில்லை.

"அப்படியானால் ஹேரியட் எங்கே இருந்திருப்பார்? கான்ஸ்டன்ஸ்?" என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுக்கிய விரிப்புகள், சாத்தக்கூடிய கதவு, சின்ன யன்னல். "ஓ" என்றார். "ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ இங்கேதான் இருந்தாயா? நான் நீ வேலை செய்கிறாய் என்று நினைத்தேன்."

நான் அடுத்த தலையணை உறையை எடுத்து மடித்தேன்.

"தாரணியின் கல்யாணத்தில்?"

"இங்கேதான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். இது என் வீடு, இது எங்கள் வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். அவர் எழுந்தார், நான் கை கொடுத்தேன். வாசலில் நின்று சொன்னார்: "உன் மகள், உன் முடிவு. அன்றைக்கு நான் என் அறையிலேயே இருக்கிறேன். ஆனால் நீ எங்கே இருப்பாய் என்று அவளிடம் நான் சொல்வேன். அது அவளுக்குத் தெரிய வேண்டும்."

ஒருத்தி சாவியை இடுப்பில் கட்டினாள், ஒருத்தி நெருப்புக்கு முன்னால் கதிரை போட்டாள், ஒருத்தி வீட்டுக்கு வந்த பெண்களையெல்லாம் முன்னால் நடந்து இறக்கினாள். எரிக்க வந்தவர்களுக்கும் அசையாத வீடு அது. அதன் கடைசித் துரைசாணியை நான் அறைக்குள் உட்கார வைத்துவிட்டேன்.

6

கல்யாணத்தன்று வெயில். இந்த ஊரில் அது பெரிய பாக்கியம். காலையில் தாரணிக்கு நானே சேலை கட்டிவிட்டேன். அறைக்குள், குளித்த ஈரத்தலையோடு, பூ வைக்கும் முன்னால். பூவும் மாலையும் வைக்கிற நேரம் கீயனின் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு நான் கிளம்பினேன். அந்த அம்மாவுக்குத் தாலித் தட்டை எப்படிப் பிடிப்பது என்று முதல் நாளே காட்டிக் கொடுத்திருந்தேன்.

லினன் ரூமில் வந்து நின்றேன். நானும் பட்டுத்தான் கட்டியிருந்தேன். மங்கலான பழுப்பு நிறம். தலையைக் கொண்டை போட்டிருந்தேன். கூடத்திலிருந்து வயலின் சத்தம் வந்தது. இப்போது முன்படியில் இறங்குவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது வளையல் சத்தம் கேட்டது. முன்பக்கத்திலிருந்து அல்ல. தலைக்கு மேலே, பின் மாடிப்படியில்.

முழு அலங்காரத்தில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஒடுக்கமான படியில் என் மகள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். படமெடுக்கும் பெண்ணும் பின்னாலேயே ஓடி வரும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்த நேரம் இல்லை. நான் விரிப்பு அடுக்கிய தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா."

"போம்மா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. முன்படியால போ."

"எனக்கு முன்னால போக ஆள் இல்லம்மா. லேடியும் வரல. நீ வா."

"தாலி ஏறட்டும். பெறகு வாறேன்."

"அப்ப திரும்பு. உன் மொகத்தப் பாத்துட்டுப் போறேன். ஒரு தடவ."

தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். திரும்பவேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. அவள் அப்பா உட்கார்ந்த கதிரை கண்ணில் வந்து நின்றது. கொஞ்ச நேரம்தானே, ஒரு முடிச்சு விழுந்துவிட்டால் போதும், பிறகு சாகும்வரை அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூச்சுச் சத்தம் கிட்டக் கேட்டது. பிறகு வளையல் சத்தம் விலகிப் போனது.

மேலே பார்த்தபடி கை தட்டக் காத்திருந்த சனத்துக்கு நடுவே அவள் சமையலறைக் கதவால் தனியாக வந்து நின்றாளாம். புது மாதிரி வேடிக்கை என்று எல்லோரும் சிரித்துத் தட்டினார்களாம்.

தாலி ஏறிய பிறகு கூடத்துக்கு வந்தேன், படமெடுக்கும் பக்கம் மட்டும் போகவில்லை. சாப்பாடு முடிந்த பிறகு ரோஸ்மேரிக்குத் தேத்தண்ணீர் கொண்டு போனேன். நீலக் கோட்டையும் முத்துமாலையையும் போட்டுக்கொண்டு, சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னை யாரும் அறையில் இருக்கச் சொன்னதில்லை" என்றார். "எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நேரம் போகவே இல்லை, புவனா. நீ எப்படி இத்தனை வருஷம் இருந்தாய்?"

அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் கொண்டையின் மேல் கை வைத்தார்.

7

ரோஸ்மேரி அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டார். இப்போது முன்படிச் சுவரில் மூன்று ஓவியங்கள். மூன்றாவதையும் நான்தான் துடைக்கிறேன். பெண்ணுக்கு முன்னால் இறங்க இப்போது வீட்டில் ஆள் இல்லை. வழக்கம் நின்றுவிட்டது. அவர் கடைசியாக இறங்க ஆசைப்பட்ட கல்யாணம் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

தாரணியும் கீயனும் டப்ளினுக்குக் குடிபோய்விட்டார்கள். சந்தோஷமாக இருக்கிறார்கள், நான் பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். மருந்து போட்டாயா, முழங்கால் எப்படி என்று கேட்பாள். எல்லாம் ஆங்கிலத்தில். கோபப்பட்டாலாவது தேவலை. மரியாதையாகப் பேசுகிறாள். எங்கள் ஹோட்டலில் விருந்தினரிடம் பேசச் சொல்லி நான் சின்னப் பெண்களுக்குப் பழக்குகிற அதே மரியாதை.

கல்யாணப் படங்கள் வந்தபோது எல்லாவற்றையும் ஒரேயடியாக மாலதிக்கும் எனக்கும் அனுப்பினாள். ஒன்றை மட்டும் எனக்குத் தனியாக அனுப்பினாள், கீழே ஒரு சொல்கூட எழுதாமல். வெள்ளையாக அடுக்கிய தட்டுக்கு முன்னால் கொண்டை போட்ட ஒரு பெண்ணின் முதுகு. ஓரத்தில் சிவப்புப் பட்டின் மாங்காய்க் கரை கொஞ்சம், வளையல் போட்ட ஒரு கை. அந்தக் கை முதுகை நோக்கி நீண்டிருக்கிறது. இன்னும் ஒரு சாண் நீண்டிருந்தால் தொட்டிருக்கும். அவள் கை நீட்டினாள் என்பதே எனக்கு அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இன்று வேலை இடைவேளையில், இதுவரை எழுதியதை நிறுத்திவிட்டு, அந்தப் படத்தை மாலதிக்கு அனுப்பினேன். விளக்கம் எழுத விரல் வரவில்லை. வெறும் படம் மட்டும் போனது. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வந்தது. வீடு திரும்பும் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும், குடையில் மழை விழும் சத்தம் கேட்டது. அழுதுகொண்டே பேசினாள்.

"அக்கா, இது எங்கக்கா கெடச்சுது? இது அம்மாதானே? எனக்குத் தெரியாதா அந்த முதுக. உன் கல்யாணத்தன்னைக்கு அந்தச் சாமான் அறையில இப்படியேதான் நின்னாங்க. உன் கூறைச் சேலக் கரையும் தெரியுது, உன் கைதானே அது. நீ அம்மாவக் கூப்பிட வந்தியாக்கா? இவ்வளவு நாளும் நீ அந்தப் பக்கமே வரலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே. நீ வந்தது எனக்குத் தெரியாமப் போச்சேக்கா."